பேணியில் வெட்டிய பெயர், முத்திரையில் குத்திய பெயர்

(நெல்லியடியில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசவந்த பொருளைச் சொல்வதற்கு முதல் ஒரு பொருளைக் காட்டவேண்டும். இதோ, ஒரு மூக்குப்பேணி. என் அப்பம்மாவின் சீதனத்தோடு வந்த பித்தளைப் பேணி. புளி போட்டு மினுக்கிக் கொண்டுவந்திருக்கிறேன், ஆகவே பின்வரிசைக்கும் தெரியும். இதன் கழுத்துக்குக் கீழே பாருங்கள். இரண்டு எழுத்துகள். ஒன்று அப்பம்மாவின் பெயரின் முதலெழுத்து, மற்றது அவருடைய தகப்பனாரின் முதலெழுத்து. கோடாக எழுதியதல்ல. உளியை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இல்லையா? கிடாரத்தில் இல்லையா? தாம்பாளத்தில் இல்லையா? செம்பின் அடியில் இல்லையா? ஏன் வெட்டினார்கள்? அழகுக்கா? இல்லை. கலியாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் போகும். செத்தவீட்டுக்கும் போகும். போனது திரும்பி வரவேண்டும். அயலவர் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் பேணிக்குப் பேணி ஒரே மாதிரி இருக்கும்போது நல்லவருக்கும் தடுமாற்றம் வரும். அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்துதான் இந்தப் புள்ளிகள்.

இனி இந்தப் பேணியை மனத்திற்குள் விரல் நகத்தளவுக்குச் சுருக்குங்கள். பித்தளைக்குப் பதிலாக மெல்லிய கடதாசி. உளிக்குப் பதிலாக ஊசி வரிசை. அப்பம்மாவின் பெயருக்குப் பதிலாக ஒரு வங்கியின் பெயர், ஒரு வர்த்தகக் கொம்பனியின் பெயர். அதுதான் நான் இன்றைக்குப் பேசவந்த பொருள். கொம்பனிகள் தங்கள் முதலெழுத்துகளைத் துளையாகக் குத்திய தபால் முத்திரைகள். அவற்றைத் தேடிச் சேர்க்கிற பைத்தியக்காரர்களில் அடியேனும் ஒருவன்.

முத்திரையில் துளை என்றால் உடனே நினைவுக்கு வருவது ஓரத்துப் பல்தான். அதுவல்ல நான் சொல்வது. அந்தப் பல், முத்திரையைத் தாளிலிருந்து கிழிப்பதற்கு. இங்கிலாந்தில் 1840 இல் முதல் முத்திரை வந்தபோது அதுவும் இருக்கவில்லை, கத்தரிக்கோல் வேண்டும். பல் வைத்தது 1854 இல். நம் இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் முதலாம் திகதி வந்த ஆறு பென்ஸ் முத்திரை. விக்டோரியா மகாராணியின் தலை இருந்தது, பல் இருக்கவில்லை. நான் சொல்லும் துளைகள் ஓரத்தில் இல்லை. நடுவில், இராணியின் கன்னத்திலும் அரசனின் தாடியிலும் விழுந்த துளைகள். ஆங்கிலத்தில் இவற்றைப் 'பெர்ஃபின்' என்பார்கள். துளையிட்ட முதலெழுத்து என்பதன் சுருக்கம் அது. நான் துளையெழுத்து முத்திரை என்று சொல்லிவருகிறேன். இதைவிட நல்ல சொல் இந்தச் சபையில் யாருக்காவது தோன்றினால் கூட்டம் முடிந்ததும் தேநீரோடு சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கத் தயங்கினார்கள். எழுத்தாணி அழுத்தினால் ஓலை பொத்துப்போகும். 'க'வா 'க்'கா என்பதைப் படிக்கிறவன் இடம் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும். துளை விழுந்தால் எழுத்துக் கெட்டது என்பது அவர்கள் கணக்கு. இங்கே கணக்குத் தலைகீழ். துளை விழுந்தால்தான் எழுத்து.

சரி, இராணியின் முகத்தில் துளை போடும் துணிவு யாருக்கு வந்தது? ஏன் வந்தது?

காரணம் ஒரே சொல்தான். களவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இலண்டனை நினையுங்கள். தொலைபேசி இல்லை. பெரிய கொம்பனி என்றால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் போகும். ஒரு பென்னி முத்திரைத் தாளில் 240 முத்திரைகள். 240 பென்ஸ் ஒரு பவுண். கந்தோர் லாச்சியில் நாலு தாள் கிடந்தால் நாலு பவுண் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் முத்திரை என்பது தபாலுக்கு மட்டும் உதவுகிற கடதாசி அல்ல, காசு மாதிரி. சிறு தொகைகளைக் கடித உறைக்குள் முத்திரையாக வைத்து அனுப்புவார்கள். கடைக்காரர் வாங்குவார். எல்லாவற்றுக்கும் மேலே, தபாற்கந்தோரே பாவிக்காத முத்திரையைச் சிறு கழிவோடு திருப்பி வாங்கிக் காசு கொடுத்தது! லாச்சியிலிருந்து எடுத்த முத்திரை தெருமுனையைத் தாண்டுவதற்குள் சில்லறையாகிவிடும். யாருடைய முத்திரை என்று எதை வைத்துச் சொல்வது? பேணிக்குப் பேணி ஒரே மாதிரி.

லாச்சிக்குக் கிட்ட இருப்பவர் யார்? முதலாளியா? அவர் மாடியில் இருப்பார். லிகிதர்தான் கிட்ட இருப்பார். கையெழுத்து அழகான, சம்பளம் குறைந்த, கோட்டு முழங்கை தேய்ந்த லிகிதர். ஆகவே சந்தேகம் அவர்மேல்.

ஆனால் சபையோரே, முத்திரையில் முதன்முதலாக அடையாளம் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கொம்பனி அல்ல. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து மாணவர்களின் சங்கமான ஒக்ஸ்போர்ட் யூனியன். அங்கத்தவர்களின் கடிதங்களுக்குச் சங்கம் முத்திரை கொடுத்தது. முத்திரை கடிதத்தைவிட வேகமாகக் கரைந்தது. 1859 அளவில் முத்திரையின் முகத்திலேயே ஓ, யூ, எஸ் என்று சிவப்பு மையில் அச்சடித்தார்கள். பிற்காலத்து மந்திரிகளும் மதகுருமாரும் நீதிபதிகளும் படித்த இடம் அது. லிகிதர்களை மட்டும் கைகாட்டுகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி நினைவூட்டுவேன்.

முகத்தில் அச்சடிப்பதைத் தபால் திணைக்களம் விரும்பவில்லை. இராணியின் முகத்தை வியாபார விளம்பரப் பலகை ஆக்குவதா? 1870 இல் ஒக்ஸ்போர்ட்டுக்குக் கொடுத்த அனுமதியும் நின்றது. சில கொம்பனிகள் பின்பக்கத்தில், பசையின் பக்கத்தில் பெயர் அடித்துப் பார்த்தன. உறையில் ஒட்டியபின் அது யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில்தான் ஜோசப் ஸ்லோப்பர் என்ற இலண்டன்காரர் வருகிறார். காசோலை போன்ற பத்திரங்களில் துளையிட்டு அடையாளம் போடும் இயந்திரத்துக்கு 1858 இலேயே உரிமம் எடுத்து வைத்திருந்தவர். துளைக்கு மை தேவையில்லை. துளையை அழிக்க முடியாது. துளை முகத்தை மறைப்பதுமில்லை. 1868 இல் தபால் திணைக்களம் ஒப்புக்கொண்டது. துளை போட்ட முத்திரையைக் கடிதத்தில் ஒட்டலாம். ஆனால் தபாற்கந்தோரில் கொடுத்துக் காசாக்க முடியாது. அவ்வளவுதான்! ஊசித் துளைகள் சில, காசை மீண்டும் முத்திரை ஆக்கிவிட்டன.

இது உலகம் முழுவதும் பரவிய வேகத்தைச் சொல்லப்போனால் பொழுது போய்விடும். ஐரோப்பா எடுத்தது, ஆசியத் துறைமுகங்கள் எடுத்தன, அமெரிக்கா 1908 இல்தான் அனுமதித்தது. அரசாங்கங்களும் சும்மா இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் முதலாவது கங்காரு முத்திரைகள் 1913 இல் வந்தபோது அரசாங்கக் கடிதங்களுக்கானவற்றில் ஓ, எஸ் என்று பெரிய துளையெழுத்துக் குத்தினார்கள். நம் இலங்கை அரசாங்கம் 1895 இல் 'ஒன் சேர்விஸ்' என்று முத்திரையின்மேல் அச்சடித்தது. அரசாங்கம் தன் லிகிதரை எவ்வளவு நம்பியது என்று இதிலிருந்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

எப்படிக் குத்தினார்கள்? ஒரு நிமிடம், இந்தக் கடதாசியைப் பாருங்கள். இரண்டாக மடிக்கிறேன். திரும்ப மடிக்கிறேன். இப்போது ஊசியால் 'க' என்று குத்துகிறேன். விரித்தால்? ஒரு 'க' நேராக இருக்கிறது. ஒன்று கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கிறது. ஒன்று தலைகீழ். கந்தோரிலும் இதுதான் நடந்தது. தாளை மடித்து இயந்திரத்துக்குள் செருகிப் பிடியை அழுத்தினார்கள். அவசரத்தில் எந்தப் பக்கம் செருகினோம் என்று பார்ப்பதில்லை. ஆகவே ஒரே எழுத்து முத்திரையின் முகத்தில் எட்டு விதமாக விழலாம். நாலு பக்கம் திருப்பினால் நாலு, கவிழ்த்துப் போட்டு நாலு. எட்டையும் சேர்க்கவேண்டும் என்று ஆயுளைச் செலவழிக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவிமாரை நினைத்தால் எனக்கு இரக்கமாக இருக்கும். என் வீட்டிலும் அந்த இரக்கத்துக்கு இடமுண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தத் துளைகளில் நம் கதை இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. கொழும்புக் கோட்டையை நினையுங்கள். வங்கிகள், கப்பல் முகவர்கள், தோட்டத்து ஏஜன்சிக் கொம்பனிகள். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் 1835 இல் தொடங்கியது. கார்கில்ஸ் 1844 இல். ஸ்லோப்பருக்கு அனுமதி கிடைத்த அதே 1868 இல்தான் காலியில் எயிற்கன் ஸ்பென்ஸின் தொடக்கம். ஹொங்கொங் அன்ட் ஷாங்காய் வங்கி 1892 இல் கொழும்பில் கதவு திறந்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் மூட்டை மூட்டையாகக் கடிதம். எங்கே கடிதம் குவிந்ததோ அங்கே லாச்சி இருந்தது. எங்கே லாச்சி இருந்ததோ அங்கே துளையிடும் இயந்திரம் வந்தது.

எழுத்தைப் பார்த்துக் கொம்பனியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டின் இனிப்பு. அதுவே புளிப்பும். 'சி அன்ட் கோ' என்று ஒரு துளையெழுத்து உங்கள் கைக்கு வருகிறது என்று வையுங்கள். கார்கில்ஸா? கார்சனா? கம்பர்பட்சா? மூன்றும் கொழும்பு வர்த்தகத்தில் பேர்போன பெயர்கள், மூன்றுக்கும் ஒரே எழுத்து. செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கடைக்குக் கடை இரண்டு மூன்று முதலெழுத்துகளை விலாசமாக வைத்திருந்தார்கள். தெருவுக்குள் எல்லோருக்கும் தெரியும், தெருவுக்கு வெளியே வந்தால் விடுகதை. நம் ஊரில் கடிதத்தின் முகவரியையும் விலாசம் என்றுதானே சொல்கிறோம்? துளையெழுத்து முத்திரையில் இரண்டு விலாசமும் ஒரே உறையில் இருக்கின்றன. பெறுகிறவரின் விலாசம் மையில், அனுப்பியவரின் விலாசம் துளையில்.

இன்னொன்று சொல்கிறேன். விக்டோரியா காலத்து இலங்கை முத்திரை ஒன்றில் ஓ, பி, சி என்று மூன்று எழுத்துகள் குத்தியிருக்கக் கண்டால், கை நடுங்கிப் பிடியுங்கள். முதலில் நினைக்கவேண்டியது ஓரியன்டல் பாங்க் கோர்ப்பரேசன். கோப்பித் தோட்டங்களின் வங்கி. 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொட்டாக ஒரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் மலைநாட்டுக் கோப்பி சாம்பலானது. அந்தக் கடன்களைச் சுமந்த வங்கி 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. அந்தக் காலத்தில் நோட்டு அடித்தது அரசாங்கமல்ல, வங்கி. அதாவது ஒரு காலை விடிந்தபோது சனத்தின் மடியிலிருந்த நோட்டு வெறும் கடதாசி! தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்துப் பீதியை அடக்கினார். மறுவருடம், 1885 இல், அரசாங்கமே நோட்டு அடிக்கத் தொடங்கியது. லிகிதர் ஒரு முத்திரை எடுத்துவிடுவாரோ என்று காவல் வைத்த காலம் அது. வங்கியின் வாசல் வழியாக ஒரு நாட்டின் காசு போனதற்கு யார் துளை போட்டது?

இன்னொரு படத்தையும் நினைத்துப் பாருங்கள். 1935 இல் இலங்கை படமுத்திரைகள் வெளியிட்டது. இரண்டு சதத்தில் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் காட்சி. ஒன்பது சதத்தில் தேயிலை கொய்யும் காட்சி. திருகோணமலைக்கு ஒரு ரூபா முத்திரை. தேயிலை கொய்யும் அந்தக் காட்சியின் நடுவே ஒரு தோட்டக் கொம்பனியின் எழுத்து விழுந்தால் எப்படி இருக்கும்? கொழுந்தும் கூடையும் கையும் கொம்பனிக்குச் சொந்தம் என்று கடதாசியிலேயே குத்தியது போல் இருக்கும். மாட்டுக்குக் குறி சுடுவதை வன்னியில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எனக்கு அந்தச் சூட்டு மணம் வரும்.

இப்போது இந்தக் குடாநாட்டுக்கே வருகிறேன். இவ்வளவு நேரம் லிகிதர், லிகிதர் என்று சொன்னேனே, யார் அந்த லிகிதர்?

நாங்கள்தான்.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் 1823 இல் செமினரி தொடங்கிய நாளிலிருந்து இந்தச் செம்மண்ணில் புகையிலையோடு இன்னொரு பயிரும் விளைந்தது. ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளைகள். தோட்டத்துக்கு ஆறு பரப்பு, பிள்ளைகள் ஆறு. என்ன செய்வது? படி, எழுது, கந்தோருக்குப் போ. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும் என்று சொன்ன ஊர் இது. கோறணமேந்து கிடைக்காதவர்கள் கொம்பனிக்குப் போனார்கள். கொழும்புக்குப் போனார்கள். 1905 இல் வடக்கு ரயில்பாதை கொழும்போடு இணைந்தபின் இன்னும் போனார்கள். அதற்கு முன்பே கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். கோலாலம்பூர், தைப்பிங், ஈப்போ, சிரம்பான். ரயில் நிலையத்தில், நில அளவைக் கந்தோரில், வங்கியில், இறப்பர்க் கொம்பனியில், எங்கே ஒரு மேசையும் மைக்கூடும் இருந்ததோ அங்கே யாழ்ப்பாணத்தான் ஒருவன் இருந்தான். வடமராட்சியில் பழைய கல்வீடுகளைக் காட்டி இது மலாயாக் காசு என்று கிழவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்படியென்றால் அந்தத் துளைகள் யாருக்காகப் போடப்பட்டன? எங்கள் பாட்டன்மாருக்காக. அவர்கள் விரலுக்காக. மாலை நாலரைக்குக் கந்தோரை விட்டுப் புறப்படும்போது அவர்கள் சட்டைப்பைக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதற்காக. அதை விடவும் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் அந்த இயந்திரத்தின் பிடியை அழுத்தித் தாள் தாளாகத் துளை போட்டதும் அதே லிகிதரின் கைதான்! தன்மேல் விழுந்த சந்தேகத்தைத் தானே குத்திக் கொடுத்தார். சம்பளத்தில் அதுவும் அடக்கம்.

அவர்கள் எடுக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நான் சொல்வது வேறு. கொம்பனியின் வரலாற்றை எழுதும்போது முதலாளிமாரின் படம் வரும், கட்டடத்தின் படம் வரும். லிகிதரின் கை எங்கே வரும்? எனக்குத் தெரிந்தவரையில் இந்த அற்ப முத்திரையில் வருகிறது. கோணலாக விழுந்த எழுத்தில் அவருடைய அவசரம் தெரிகிறது.

முத்திரை சேர்க்கும் உலகம் இவற்றை எப்படி நடத்தியது? குப்பையாக. துளை விழுந்த முத்திரை பழுதான முத்திரை என்றார்கள். ஆல்பத்தில் இடமில்லை. வியாபாரி விலை சொல்லமாட்டான், இனாமாகத் தருவான். இலட்சக்கணக்கில் எறிந்திருப்பார்கள். பிராங்கிங் இயந்திரம் வந்து, முத்திரையே இல்லாமல் உறையில் அச்சு அடிக்கும் காலம் வந்தபோது துளையிடும் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. அதற்குப் பிறகுதான் எறிந்ததை எடுத்துப் பார்க்கும் ஆட்கள் தோன்றினார்கள்.

முன்வரிசை மாணவச் செல்வங்களே, நெளிந்தது போதும், இந்தப் பகுதி உங்களுக்கு. வீட்டில் பழைய கடிதக் கட்டு இருக்கிறதா? இருந்தால் முதலில் செய்யவேண்டியது என்ன? ஒன்றும் செய்யாதீர்கள். வெட்டாதீர்கள், கிழிக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மற்ற முத்திரைக்கு ஊறவைப்பது பழக்கம், இதற்கு அது கொலை. ஏன்? எழுத்து யாருடையது என்று சொல்லும் சாட்சி உறையில்தான் இருக்கிறது. மூலையில் கொம்பனியின் பெயர் அச்சிட்டிருக்கலாம். தபாற்கந்தோர் குத்திய மைமுத்திரையில் ஊரும் திகதியும் இருக்கும். உள்ளே கடிதம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தனி முத்திரையாகக் கிடைத்தால் கறுப்புக் கடதாசியில் கவிழ்த்து வையுங்கள். புள்ளிகள் எழுந்து நிற்கும். வாசிக்க முடியவில்லையா? திருப்புங்கள், எட்டு விதம் என்று சொன்னேனே. பிறகு எண்ணுங்கள். ஒரு 'எச்' எழுத்துக்குப் பத்துத் துளையா, பன்னிரண்டா? உயரம் எத்தனை மில்லிமீற்றர்? ஒரே கொம்பனி இரண்டு இயந்திரம் வைத்திருந்தால் எண்ணிக்கை மாறும். ஓர் ஊசி முறிந்தால் அந்த நாளிலிருந்து ஒரு துளை குறையும். முறிந்த ஊசியை வைத்து, திகதி இல்லாத முத்திரைக்கும் காலம் சொல்லலாம். இதைத் துப்பறியும் கதை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

போலியும் உண்டு. வீட்டு ஊசியால் குத்திவிட்டு அரியது என்று விற்பவர்கள் உண்டு. ஊசி கடதாசியைத் தள்ளிக் கிழிக்கும், பின்பக்கம் விரலால் தடவினால் சொரசொரக்கும். இயந்திரம் கடதாசியை வெட்டி எடுத்துவிடும், விளிம்பு துப்புரவாக இருக்கும். உறையோடு இருந்தால் இன்னும் அழகான சோதனை ஒன்று உண்டு. தபாற்கந்தோரில் மைமுத்திரை குத்தும்போது அந்த மை துளைகளின் ஊடாக இறங்கி உறையில் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும். முத்திரை இல்லாவிட்டாலும் அந்தப் புள்ளி இருக்கும். எந்தப் போலிக்காரனும் அதைச் செய்யமாட்டான், அவ்வளவு பொறுமை இருந்தால் அவன் வேறு தொழில் செய்வான்.

இவ்வளவு புத்தி சொல்கிற நான் என்ன செய்தேன்? அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் அப்பப்பா கோலாலம்பூரில் ஒரு தனியார் கொம்பனியில் லிகிதர். அந்தக் கொம்பனியின் பெயரை இங்கே சொல்லமாட்டேன், எழுத்தையும் சொல்லமாட்டேன். காரணம் போகப்போக விளங்கும். அவர் அப்பம்மாவுக்கு எழுதிய பதினொரு கடிதங்கள் எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் நூலால் கட்டிக் கிடந்தன. எல்லாவற்றிலும் மலாயாவின் பாயும் புலி முத்திரை. எனக்குப் பதினொரு வயது, முத்திரைப் பைத்தியம் பிடித்த புதிது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பெட்டியைத் திறந்தேன். பத்து உறைகளின் மூலையைக் கிழித்தேன். பதினோராவதை எடுத்தேன். புலியின் வயிற்றில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பூச்சி அரித்த முத்திரை என்று நினைத்தேன். பழுதானது எனக்கெதற்கு? அப்படியே உள்ளே வைத்துப் பெட்டியை மூடிவிட்டேன்.

பத்துப் புலியும் ஆல்பத்தில் ஏறின. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் எனக்கு அதனால் மரியாதை.

1987 மே மாதக் கடைசியில் இராணுவம் முன்னேறியபோது வடமராட்சி ஓடிய ஓட்டம் இந்தச் சபையில் பாதிப்பேருக்குத் தெரியும். நான் ஆல்பத்தை எடுக்கவில்லை. அம்மா காணி உறுதிகளை எடுத்தா. உறுதிகளோடு அந்தக் கடிதக் கட்டும் போயிற்று. திரும்பி வந்தபோது ஆல்பம் இல்லை, அது இருந்த அலுமாரியும் இல்லை. கட்டு இருந்தது. வழியில் சோதனை நடந்த இடத்தில் அம்மா அந்த முழு உறையை மட்டும் உறுதிக்குள் மடித்து ஒளித்து வைத்ததாகப் பிறகு சொன்னா. மலாயாப் புலிக்கும் அன்றைக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டது.

ஆக, பதினொரு முத்திரையில் இன்று மிஞ்சியிருப்பது நான் வேண்டாமென்று விட்ட ஒன்று. இதோ, இந்தக் கண்ணாடித் தாளுக்குள் இருக்கிறது.

துளையெழுத்தைப் பற்றிப் படித்து அறிந்தபிறகு ஒருநாள் இதை வெளியே எடுத்தேன். எடுத்தவுடன் நெஞ்சு திக்கென்றது. வீட்டுக்கு எழுதிய கடிதம், கொம்பனியின் முத்திரை. அப்படியானால்? எங்கள் அப்பப்பாவா? திருநீறு பூசாமல் பச்சைத்தண்ணீர் குடியாதவர் என்று ஊர் சொல்லும் அப்பப்பாவா? அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு யோசித்தேன். மற்றப் பத்திலும் ஓட்டை இருந்திருந்தால் நான் அவற்றையும் விட்டிருப்பேன். கிழித்தேன், ஆகவே அவை காசு கொடுத்து வாங்கிய முத்திரைகள். என் சிறுபிள்ளைக் களவு அப்பப்பாவுக்குச் சாட்சி சொல்கிறது. பத்துத் தடவை ஒழுங்காக இருந்த மனிதர் ஒரு தடவை மட்டும் ஏன்? அதற்கும் பதில் உறைக்குள்ளேயே இருந்தது. நான்தான் இவ்வளவு காலமும் முத்திரையைப் பார்த்தேனே ஒழிய கடிதத்தைப் படிக்கவில்லை.

1926 இல் எழுதிய கடிதம். ஒரே பக்கம். மற்றக் கடிதங்களில் எழுத்து முத்து முத்தாக இருக்கும், இதில் சரிந்து ஓடுகிறது. என் தகப்பனார் பிறந்த செய்தியைப் பருத்தித்துறையிலிருந்து தந்தி கொண்டுபோயிருக்கிறது. அதற்குப் பதில் இது. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார், அப்பம்மாவுக்கு என்ன சரக்குக் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். கடைசி வரி இது: "தந்தி கந்தோருக்கு வந்தது, கந்தோரிலிருந்தே எழுதுகிறேன், பினாங்குக்குப் போகும் தபால் மூன்று மணிக்குப் பூட்டிவிடும்."

அந்தச் சில சதங்களை மறுநாள் லாச்சியில் திருப்பி வைத்தாரோ? கணக்குப் புத்தகம் கொம்பனியிடம் அல்லவா இருந்தது! முத்திரையை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், தாளைத் திறக்கவேண்டாம். பின்வரிசை வரை போய், தயவுசெய்து, என்னிடம் திரும்பி வரட்டும்.